நான்காம் மாடி வாடகைக்காரர்

கிள்ளான்
10-6-2012

அன்புள்ள பாக்கியம் அக்காவுக்கு,

தம்பி நாகப்பன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், தெய்வானை, என் சர்க்கரை வியாதி மூவரும் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொண்டு சுகமாக இருக்கிறோம். உன் முட்டிவலி எப்படி? போன் செய்தே கேட்டிருப்பேன். ஆனால் போன தடவை உன் காதுக்கு எட்டுகிற மாதிரி என் மூலவியாதியைப் பற்றிப் போனில் சொன்னதில், எங்கள் மாடி முழுக்க எனக்கு வைத்தியம் சொல்ல ஆரம்பித்துவிட்டது. நம் குடும்ப மானத்துக்குக் கடிதம்தான் பாதுகாப்பு.

முதலில் நல்ல சேதி. துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது வந்த சேமநிதியில் பக்கத்து வீட்டை வாங்கிப் போட்டேனே, அதற்கு ஒரு வழியாக ஆள் வந்துவிட்டது. சீனர்கள் வந்து பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். மலாய்க்காரர் ஒருவர் சமையலறையை மோந்து பார்த்துவிட்டுப் போனார். நம்மவர் ஒருவர் வந்தார். அவருக்கு நான் கொடுக்கவில்லை. நம்மவரைப் பற்றி நமக்குத்தானே தெரியும்.

கடைசியில் வந்தவர் ஜோசப் முலெங்கா. சாம்பியா நாடு. உலகப் படத்தில் தேடினேன். ஆப்பிரிக்காவின் நடு வயிற்றில், கடல் படாமல் உட்கார்ந்திருக்கிறது. இங்கே ஒரு தனியார் கல்லூரியில் மேல்படிப்பு. மனைவி பெயர் மேவிஸ். “சார், போன்ல என் குரலைக் கேட்டதுமே எந்த நாடுன்னு கேக்கறாங்க. நாட்டைச் சொன்னா லைன் கட்டாயிடுது” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ‘இந்தியர்கள் வேண்டாம்’ என்று போட்ட விளம்பரங்களைப் படித்தே ஆங்கிலம் கற்றுக்கொண்டவன் நான்.

உடனே கொடுத்துவிட்டேன் என்று நினைக்காதே. கடவுச்சீட்டை மூன்று தரம் புரட்டினேன். படத்தில் இருப்பது இவர்தானா என்று உற்று உற்றுப் பார்த்தேன். லிஃப்ட் கண்ணாடியில் நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றபோதுதான் வெட்கமாக இருந்தது. கருப்பில் அவர் என்னைவிட ஒரு பிடி குறைச்சல்தான்.

அந்தப் பெண் வணக்கம் சொல்கிற விதத்தை நீ பார்க்க வேண்டும். பெரியவர்களைக் கண்டால் முழங்காலை மடக்கித் தணிந்து, இரண்டு கையையும் குவித்து மெல்லத் தட்டுகிறாள். தெய்வானைக்கு ஒரே பெருமை. என் பிள்ளைகள்கூட எனக்கு இப்படித் தணிந்ததில்லை என்கிறாள்.

முட்டிக்கு எண்ணெய் போடு.

தம்பி,
நாகப்பன்

*

தெலுக் இந்தான்
28-6-2012

தம்பி நாகப்பனுக்கு,

நலம். முட்டி அப்படியேதான் இருக்கிறது. எண்ணெய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்துகொண்டேன்.

கடவுச்சீட்டை மூன்று தரம் பார்த்தாயாம். நீ கிள்ளானுக்கு வேலைக்குப் போனபோது அறை கொடுத்த சீனக் கிழவர் உன்னிடம் எதையாவது கேட்டாரா? “சாப்பிட்டியா” என்றுதான் கேட்டார். நீயேதான் எழுதியிருந்தாய்.

தீபாவளிக்கு வருகிறேன். அந்தப் பெண் என்ன சாப்பிடும் என்று கேட்டு எழுது.

பாக்கியம்

*

கிள்ளான்
19-8-2012

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உன் கடிதம் கிடைத்து வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டேன். இங்கே எல்லாரும் நலம், என் இடது கால் பெருவிரலைத் தவிர.

என்ன சாப்பிடுவார்கள் என்று கேட்டாயே. களி! வெள்ளைச் சோள மாவில் கெட்டியாகக் கிண்டிய களி. அதைக் கையால் உருட்டி, கீரையும் கருவாடும் தொட்டுக்கொண்டு சாப்பிடுகிறார்கள். அம்மா கிண்டிய களியை அனாமத்தாக நாய்க்குப் போட்டவன் நான். இப்போது அதற்காகப் பக்கத்து வீட்டு வாசலில் தட்டோடு நிற்கிறேன். தெய்வானை முகத்தில் விழிக்க முடியவில்லை.

ஆனால் மாடியில் எல்லாருக்கும் அந்தக் களி இறங்கவில்லை. எதிர் வீட்டுக் காமாட்சியை உனக்குத் தெரியும், நாள் முழுக்க வாசலிலேயே உட்கார்ந்திருப்பாளே. மேவிஸ் அவளுக்கும் தணிந்து கை தட்டியிருக்கிறாள். அன்று சாயங்காலம் காமாட்சி வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் மீன் செத்துப்போய்விட்டது. அவ்வளவுதான்.

“அண்ணே, அந்தக் கருப்பி என்னைப் பாத்து மூணு தட்டு தட்டினா. மூணு மீன் போச்சு.”

“ஏம்மா, மீனுக்கு நீ தீனி போட்டியா?”

“அது வேற விசயம். அவங்க ஊர்ல செய்வினை பலமாம்லா. நீங்க வீட்டைக் குடுத்தீங்க, நாங்க அனுபவிக்கறோம்.”

இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் நிறத்தை வெளுக்க வைக்கும் களிம்பு பூசியிருந்தாள். பாதி காய்ந்திருந்தது. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். இந்தக் கால் விரலோடு படியிறங்க முடியாது, அவள் வாசலைத் தாண்டித்தான் லிஃப்டுக்குப் போக வேண்டும்.

இன்னொரு கவலை. வண்டி நிறுத்துகிற இடத்தில், மரத்தடியில் நாம் வைத்த முனியாண்டியை எடுக்கச் சொல்லிக் குடியிருப்பாளர் சங்கத்தில் பேச்சு. தலைவர் பஹாரோம் மலாய்க்காரர், செயலாளர் லாவ் சீனர், இருவரும் சொல்லி வைத்தாற்போல் “இடைஞ்சல்” என்கிறார்கள். நம் ஆட்கள் கொதித்துப் போயிருக்கிறார்கள். போன வாரம் என் வீட்டில் கூட்டம். பதினோரு பேர் பேசினோம், எல்லாரும் ஒரே நேரத்தில்.

தீபாவளிக்கு முறுக்கு கொண்டு வராதே. பல் போய்விட்டது.

தம்பி,
நாகப்பன்

*

தெலுக் இந்தான்
24-11-2012

தம்பிக்கும் தெய்வானைக்கும்,

சுகமாக ஊர் வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் ஒருவன் என்னிடம் வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தான். என்ன பேசினான் என்று தெரியாது. நல்ல பையன்.

உன் வீட்டில் இருந்த நாட்களில் எல்லாரும் என்னிடம் கத்தினீர்கள். மேவிஸ் மட்டும் கத்தவில்லை. எதிரில் வந்து உட்கார்ந்து, முகத்தைக் காட்டி, நிதானமாகப் பேசும். உன் மீசைக்குள்ளிருந்து வருகிற தமிழைவிட அந்தப் பெண்ணின் ஆங்கிலம் எனக்கு நன்றாகப் புரிந்தது.

உன்னிடம் சொல்லியிருக்காது. மாசமாக இருக்கிறது. மார்ச்சில் பிறக்கும். தாயார் அவ்வளவு தூரத்தில். “யார் குளிப்பாட்டுவாங்க?” என்று என்னிடம் கேட்டது. ஆஸ்பத்திரி பிரசவ வார்டில் அத்தனை வருஷம் ஆயாவாக இருந்தவளிடம் கேட்கிற கேள்வியா? நான் வந்து குளிப்பாட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். நாற்பது நாள் இருப்பேன். உன் வீட்டில் எனக்குப் பாய் போதும்.

வாக்குக் கொடுத்திருக்கிறேன். பார்த்துக்கொள்.

பாக்கியம்

*

கிள்ளான்
6-1-2013

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தாண்டு வணக்கம். உடம்பு எப்படி? இங்கே நலத்துக்கு மேல் நலம். உன் தம்பி இப்போது சாதாரண ஆள் இல்லை. குடியிருப்பாளர் சங்கத் துணைத் தலைவர்! இந்தக் கட்டடம் எழும்பிய நாளிலிருந்து அந்த நாற்காலியில் நம்மவர் யாரும் உட்கார்ந்ததில்லை. பஹாரோம் என் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார். லாவ் எனக்கு மைக்கைக் கொடுத்தார். அதை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் வாலைப் பிடித்துக்கொண்டு பேசியிருக்கிறேன்.

முனியாண்டிக்கும் விடிவு வந்துவிட்டது. இனி அசைக்க மாட்டோம் என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். மேலே தகரம் போடவும் அனுமதி. நம் ஆட்கள் எனக்கு மாலை போட்டார்கள். காமாட்சிகூடப் போட்டாள். கொஞ்சம் கனமான மாலை, கழுத்து இன்னும் வலிக்கிறது.

மழை விடவில்லை. வெங்காயம் விலை ஏறிவிட்டது.

ஜோசப் வேறு வீடு பார்க்கிறார். மாத முடிவுக்குள் போக வேண்டியிருக்கும். சங்கத்தில் அப்படி ஒரு முடிவு எடுக்கப்பட்டிருக்கிறது, இவருக்கு என்று இல்லை, பொதுவாக. நானும் என்னால் ஆனதைச் செய்கிறேன். அவர் குரலைக் கேட்டால் லைனை வெட்டுகிறார்கள் என்பதால், “சார், நீங்க எனக்காகப் பேசுங்க” என்றார். சரி என்று விளம்பரங்களை எடுத்து வைத்துக்கொண்டு கூப்பிட்டேன். முதல் வீட்டில் ஓர் அம்மாள் என் குரலைக் கேட்டதுமே, “இந்தியனா?” என்றாள். ஆமாம் என்றேன். வைத்துவிட்டாள். அடுத்தவரும் அப்படியே. கடைசியில் லாவைக் கூப்பிட்டு, எனக்காக நீ பேசு என்று சொல்லலாமா என்று யோசித்தேன். சாம்பியாக்காரனுக்காகத் தமிழன், தமிழனுக்காகச் சீனன்! ஜோசப்பிடம் சொன்னேன். ரெண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம்.

மேவிஸ் உன்னைக் கேட்டாள்.

தம்பி,
நாகப்பன்

*

தெலுக் இந்தான்
15-1-2013

நாகப்பா,

பொங்கல் ஆயிற்று. நலம்.

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். சிரிப்பு வரவில்லை. முடிவு எடுக்கப்பட்டது என்கிறாய். யார் எடுத்தார்கள்? எடுத்தபோது துணைத் தலைவர் எங்கே உட்கார்ந்திருந்தார்? கேட்டதற்குப் பதில் எழுது.

அதைவிட அவசரமானது இது. எட்டு மாசக்காரியை வைத்துக்கொண்டு அவர் எங்கே அலைவார்? இருவரையும் இங்கே அனுப்பு. கீழ் அறை சும்மாதான் கிடக்கிறது. இங்கே ஆஸ்பத்திரியில் எனக்குத் தெரியாத தாதி கிடையாது. அவர் கல்லூரிக்குப் போய்விட்டு வாரக் கடைசியில் வரட்டும். வாடகைப் பேச்சே வேண்டாம்.

இன்றைக்கே சொல். அவர்கள் போன் நம்பர் என்னிடம் இருந்தும் என்ன பயன், என் காதுக்கு. அதனால் உன்னை நம்பித்தான் எழுதுகிறேன்.

பாக்கியம்

*

கிள்ளான்
20-2-2013

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நலம், நலமறிய ஆவல். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். தைப்பூசத்துக்குப் பத்துமலை முருகன் கோயிலுக்குப் போய் வந்ததில் கால் வீங்கிவிட்டது. டாக்டர் சர்க்கரையைக் குறைக்கச் சொன்னார், நான் டாக்டரைக் குறைத்துக்கொண்டேன். தெய்வானைக்குக் கண் பரிசோதனை. இனி என்னைத் தெளிவாகப் பார்ப்பாளாம், அதுதான் கவலை.

முனியாண்டிக்குத் தகரம் போட்டாயிற்று. பச்சை நிறம். வெயில் பட்டால் கண் கூசுகிறது.

நீ எழுதியதைச் சொன்னேன். அவர்கள் யோசிக்கிறார்கள்.

வேறு விசேஷமில்லை.

தம்பி,
நாகப்பன்

*

தெலுக் இந்தான்
2-3-2013

தம்பி,

யோசிக்க என்ன இருக்கிறது? மாதம் பிறந்துவிட்டது. கீழ் அறையைக் கழுவி வெள்ளை அடித்து வைத்திருக்கிறேன். பழைய கைலிகளைக் கிழித்துத் துவைத்து வெயிலில் போட்டேன். சீமேந்துத் தரை குளிரும் என்று பாய்க்கு மேல் மெத்தை. பாசாரில் சோள மாவு கேட்டால் மஞ்சளாகக் கொடுக்கிறார்கள், வெள்ளையாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

என்றைக்கு வருகிறார்கள் என்று ஒரு வரி போடு. பஸ் நிலையத்தில் போய் நிற்கிறேன்.

பாக்கியம்

*

தெலுக் இந்தான்
18-3-2013

நாகப்பன்,

உன்னிடமிருந்து பதில் இல்லை என்பதால் வெள்ளிக்கிழமை பஸ் ஏறிக் கிள்ளானுக்கு வந்தேன். உன் வீட்டுக்கு வரவில்லை. லிஃப்ட் வரைதான் வந்தேன்.

அதன் பக்கத்துச் சுவரில் கண்ணாடி போட்டு ஓர் அறிவிப்பு மாட்டியிருக்கிறது. மூன்று மொழியில். மலாயும் ஆங்கிலமும் ஆப்பிரிக்கர்களுக்கு வீடு விடக்கூடாது என்று சொல்லி நிறுத்திக்கொள்கின்றன. தமிழில் மட்டும் “அன்பு கூர்ந்து” என்று ஆரம்பிக்கிறது. கையெழுத்துக்கு முன்னாலேயே உன்னைத் தெரிந்துகொண்டேன். தேதி டிசம்பர். மாலை போட்டுக்கொண்ட மாதம்.

காமாட்சி கடைக்குப் போய்விட்டு வந்தாள். அவள் கத்தியது எனக்கு நன்றாகவே கேட்டது. “அவங்க ஜனவரி கடைசியிலயே போயிட்டாங்கக்கா. லோரி வந்துச்சு. அந்தப் பொண்ணு வயித்தைப் பிடிச்சுக்கிட்டு கீழ நின்னுச்சு. அண்ணன்தான் பாவம், பெட்டியெல்லாம் தூக்கிக் குடுத்தாரு. நல்ல மனுசன்.” எங்கே போனார்கள் என்று கேட்டேன். யாருக்குத் தெரியும் என்றாள். பிறகு, முனியாண்டிக்குப் போட்ட தகரத்தைப் பார்க்கிறீங்களா என்று கையைப் பிடித்தாள்.

பிப்ரவரி இருபதாம் தேதி நீ எழுதியபோது அந்த வீடு காலியாகி மூன்று வாரம் ஆகியிருக்கிறது. நான் இங்கே மெத்தையைத் தட்டிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

என் சேதியை அவர்களிடம் சொன்னாயா, இல்லையா? அது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

பாக்கியம்

*

கிள்ளான்
12-5-2013

அக்காவுக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இரண்டு மாதம் போய்விட்டது. சௌக்கியமா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

சொல்லவில்லை.

டிசம்பரில் பஹாரோமும் லாவும் வீட்டுக்கு வந்தார்கள். என் சோபாவில் அவர்கள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. தெய்வானை நல்ல கோப்பைகளை எடுத்தாள். “நாகப்பன், ரெண்டு பேரு கையெழுத்து போட்டா இனத்துவேசம்னு சொல்லுவாங்க. மூணு பேரும் போட்டா யாரும் வாயைத் திறக்க முடியாது” என்றார் லாவ். “உங்க சாமி விசயத்தையும் அதோட முடிச்சிரலாம்” என்றார் பஹாரோம். இந்த நாட்டில் மூன்று இனமும் முழு மனதாக ஒத்துப்போனதை அன்றுதான் பார்த்தேன். அதில் நானும் ஒருவன் என்பதில், உன்னிடம் மறைப்பானேன், எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. நாளைக்கு நம் கோயில் வேண்டாம், மறுநாள் நம் மேளம் வேண்டாம், அதற்கடுத்து நாமே வேண்டாம் என்று வரும், இப்போதே அவர்கள் பக்கம் உட்கார்ந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஜோசப்பிடம், சங்கம் முடிவெடுத்துவிட்டது, என் கையில் ஒன்றுமில்லை என்றேன். அவர் லிஃப்டில்தானே ஏறி இறங்குகிறார். ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர். ஒரு நாளும் அந்த அறிவிப்பில் இருந்த என் கையெழுத்தைப் பற்றி என்னிடம் பேசவில்லை. அந்த மனிதருக்காகத்தான் போனில் வீடு தேடி, அவரோடு சேர்ந்து சிரித்தேன். இப்போது நினைத்தால் அன்று நான்தான் சிரித்திருக்கிறேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

உன் கடிதம் வந்தது. அவர்கள் உன்னிடம் வந்தால் மேவிஸ் ஒரு நாள் உனக்கு எல்லாவற்றையும் சொல்லும், உன் எதிரில் உட்கார்ந்து, நிதானமாக, உனக்குப் புரிகிற மாதிரி. அதற்குப் பயந்துதான் கடிதத்தை மடித்து வைத்தேன். வேறு காரணம் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

நீ லிஃப்ட் வரை வந்து திரும்பிப் போன பிறகு சங்கத்துக்குப் போய் என் பெயரை அழித்துவிடுங்கள் என்றேன். “எதுக்கு? மூணு பேரு இருந்தாத்தான் அழகு” என்றார் லாவ். துணைத் தலைவர் பதவியை விட்டேன். சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள். பெயர் இன்னும் தொங்குகிறது. தெய்வானை லிஃப்டில் ஏறுவதில்லை. கண் தெளிந்ததிலிருந்து நாலு மாடியும் படியில்தான்.

பிறகு அவர்களைத் தேடினேன். கல்லூரிக் காவலாளி, “வாடகை பாக்கியா?” என்றான், வீட்டுக்காரன் வேறு எதற்கு வருவான் என்கிற முகத்தோடு. ஆப்பிரிக்கர்கள் தொழுகிற ஒரு தேவாலயம் இருப்பதாகச் சொன்னார்கள், டயர் கடைக்கு மேலே. ஞாயிற்றுக்கிழமைகளில் எதிர்ச் சடக்கில், தெருவோரமாகப் போய் நின்றேன். போன வாரம் ஜோசப் இறங்கி வந்தார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார்.

“பசியாறிட்டீங்களா, சார்?” அந்த ஒரு வார்த்தையை மட்டும் தமிழில் சொன்னார். தெய்வானை கற்றுக்கொடுத்தது. மற்றதெல்லாம் ஆங்கிலத்தில். “அக்கா எப்படி இருக்காங்க?”

நீ கூப்பிட்டதை அப்போதுதான் சொன்னேன். ஜனவரியிலேயே கூப்பிட்டாள், அறை தயார் செய்தாள், நான்தான் சொல்லவில்லை என்று நடுத்தெருவில் சொன்னேன்.

வண்டி வருகிறது என்று என்னை ஓரமாக இழுத்து நிறுத்தினார். “மேவிஸ் கடைசி வரைக்கும் சொல்லிட்டிருந்தா, அவங்க வருவாங்கன்னு. நான்தான் திட்டினேன். யாரும் வரமாட்டாங்க, சும்மா இருன்னு. இப்ப வீட்டுக்குப் போய் அவகிட்ட நான் என்ன சொல்றது?”

“குழந்தையை யார் குளிப்பாட்டினது?”

“நான்தான். கம்ப்யூட்டர்ல படம் ஓடவிட்டு, அதைப் பாத்துப் பாத்து. சோப்பு நழுவிடுச்சு. புள்ளையும் நழுவப் பாத்துச்சு.” லேசாகச் சிரித்தார்.

வீட்டு விலாசம் கேட்டேன். தலையை ஆட்டினார். “வேண்டாம் சார். இப்ப வீடு குடுத்திருக்கறவரும் உங்களை மாதிரிதான், நல்ல மனுசன். அவரு வீட்ல நாங்க இருக்கறது வெளிய தெரிஞ்சா அவருக்கும் யாராவது நாற்காலி குடுத்துருவாங்க.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு சிநேகிதனிடம் விவரம் சொல்கிற மாதிரி சொன்னார். பிறகு, “அக்கா விலாசம் மட்டும் குடுங்க” என்று பேனாவை நீட்டினார். கையை விரித்துக் காட்டினார், எழுதினேன். தெலுக் இந்தான் அவர் விரல் மடிப்பில் கோணலாக விழுந்தது.

குழந்தை ஆணா பெண்ணா என்று கேட்க வாய் வரவில்லை. அவர்கள் உனக்கு எழுதினால் அதை மட்டும் ஒரு வரி எனக்கு எழுது. வேறு எதுவும் கேட்கவில்லை.

தம்பி,
நாகப்பன்

*

தெலுக் இந்தான்
9-6-2013

தம்பி நாகப்பனுக்கு,

நலம். உன் கடிதம் வந்தது. அதற்குப் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது.

திங்கட்கிழமை புறப்படுகிறேன். திரும்ப நாற்பது நாள் ஆகும். வீட்டுச் சாவி பக்கத்து வீட்டில் இருக்கும். எனக்கு இங்கே கடிதம் போடாதே, வாங்க ஆளிருக்காது. நான் போகிற இடத்துக்கும் போட முடியாது.

கிழித்து வைத்த கைலியெல்லாம் வீணாகவில்லை. வெள்ளை மாவும் கிடைத்துவிட்டது, ஈப்போவில்.

தெய்வானையைப் படியில் பார்த்து ஏறச் சொல். நீ மருந்தை விடாதே.

கேட்டிருந்தாய். குழந்தை நன்றாக இருக்கிறது.

பாக்கியம்